மருந்தை மிச்சம் பிடிக்காதீர்கள் என்று சொன்ன மருந்துக்கடை

எங்கள் தெரு முனையில், சலவைக் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவில், ஒரு சின்ன மருந்துக்கடை இருக்கிறது. பதினாறு வருஷமாக அதைத் தாண்டித்தான் ஸ்டேஷனுக்குச் சைக்கிளில் போகிறேன். காய்ச்சல் மாத்திரை, பையனுக்குக் கண் மருந்து, இதற்குமேல் எனக்கு அங்கே வேலை இருந்ததில்லை. 2024 அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை அந்தக் கடைக்காரர்கள் எங்கள் வீட்டுக்குப் பதினேழு தடவை வந்தார்கள். அதில் நான்கு தடவை அவசரமாகக் கூப்பிட்டு வந்தது. ஒரு தடவை நடுராத்திரி.

டோக்கியோவை ஒட்டிய சிபா மாகாணத்தில், எடோகாவா ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற இச்சிகாவாதான் எங்கள் ஊர். என் கணவர் ஜப்பானியர். நான் பாளையங்கோட்டைக்காரி. என் மாமியாருக்குக் கணையத்தில் புற்றுநோய். வாயில் ‘ஒகாசான்’ (அம்மா) என்று கூப்பிட்டாலும் மனதுக்குள் எனக்கு அவர் அத்தைதான், அதனால் இங்கேயும் அத்தை என்றே எழுதுகிறேன். எழுபத்தொன்பது வயது. கீமோ போதும், வீட்டுக்குப் போகலாம் என்று அவரே முடிவெடுத்தார்.

போன வாரம் டோக்கியோவின் நிஷி-காசாயிலிருந்து ஒரு தோழி போன் செய்தாள். அவள் கணவரையும் இப்போது வீட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம். “ராத்திரி வலி வந்தா ஆம்புலன்ஸைத்தானே கூப்பிடணும்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. அவளுக்குச் சொன்னதை எல்லாருக்கும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

ஜப்பானில் மருந்தாளுநர் வீட்டுக்கு வருவது தனிக் கருணையால் நடக்கிற காரியம் இல்லை. காப்பீட்டில் அதற்கென்று கட்டணம் வைத்திருக்கிறார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தால், வெளியே போக முடியாத நோயாளியின் வீட்டுக்கு அவர் முறை வைத்து வருவார். கடைசிக் கட்டப் புற்றுநோய் என்றால் வாரத்துக்கு இரண்டு தடவை, மாதத்துக்கு எட்டு தடவை வரை வரலாம். திடீரென்று நிலைமை மோசமானால், மருத்துவர் கேட்டுக்கொண்ட உடனே வருகிற அவசர வருகை தனிக் கணக்கு. அது முன்பு மாதத்துக்கு நான்கு தடவைதான். 2024 ஜூனிலிருந்து கடைசிக் கட்டப் புற்றுநோயாளிகளுக்கு எட்டாக உயர்த்தினார்கள். ராத்திரி வந்தால், விடுமுறை நாளில் வந்தால் கூடுதல் தொகையும் அப்போதுதான் வந்தது. நாங்கள் அத்தையை வீட்டுக்குக் கூட்டிவந்தது அதற்கு நான்கு மாதம் கழித்து.

ஆனால் எல்லா மருந்துக்கடையும் வராது. ஆஸ்பத்திரி வாசலிலேயே பளபளவென்று இருக்கிற பெரிய கடையைத்தான் முதலில் கேட்டோம். வலி மருந்து தருவோம், ராத்திரி வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மார்பின் வகை மருந்து விற்க மாகாண ஆளுநர் கொடுக்கும் தனி உரிமம் வேண்டும். உரிமம் இருந்தாலும் ராத்திரி வர ஆள் வேண்டும். இரண்டும் எங்கள் தெரு முனைக் கடையில் இருந்தது என்பதை டிஸ்சார்ஜுக்கு முந்தைய வாரம் ஆஸ்பத்திரியில் நடந்த கூட்டத்தில்தான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வரப்போகும் மருத்துவர், நர்ஸ், வீட்டுப் பராமரிப்பைத் திட்டமிடுகிற கேர் மேனேஜர் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நாற்காலியில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். “முனைக் கடையில் இருக்கிறேன். உங்கள் சிவப்புச் சைக்கிளைத் தினமும் பார்ப்பேன்” என்றார். அவர்தான் எங்கள் மருந்தாளுநர்.

முதல் வருகையில் அவர் செய்தது சின்ன வேலைதான். சுவரில் மாட்டுகிற துணிக் காலண்டர் ஒன்று கொண்டுவந்தார். ஏழு நாள், நாளுக்கு நான்கு பை, ஒவ்வொன்றிலும் அந்த வேளை மாத்திரை. அப்புறம் அடுப்படியில் அத்தை சேர்த்துவைத்திருந்த பழைய மாத்திரைகளை எல்லாம் மேஜையில் கொட்டி, இரத்த அழுத்த மாத்திரை, கொழுப்பு மாத்திரை என்று பிரித்து, மருத்துவரிடம் பேசிப் பாதியை நிறுத்தவைத்தார். விழுங்குவதே கஷ்டமாக இருக்கிற ஒருவருக்குப் பத்து வருஷம் கழித்து வரப்போகிற நோய்க்கு மாத்திரை எதற்கு? எங்களில் யாரும் யோசிக்காத விஷயம் இது. ஒரு நாளைக்குப் பதினொன்றாக இருந்த மாத்திரை ஐந்தானது. அன்று ராத்திரி அத்தை நிம்மதியாக ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தார்.

வலிக்கு ஃபென்டனில் பேட்ச், தினம் ஒன்று, நெஞ்சில் ஒட்டுவது. அதையும் மீறி வலி வந்தால் கரைத்துக் குடிக்க ஆக்சிகோடோன் பொடி, சின்னச் சின்னப் பொட்டலமாக. அதை இங்கே ‘ரெஸ்கியூ’ என்கிறார்கள். மருந்து உறையில் ‘மயாக்கு’ என்று அச்சடித்திருந்ததைப் பார்த்ததும் அத்தை முகம் மாறிவிட்டது. போதைப்பொருளுக்கும் இந்த வலி மருந்துக்கும் ஜப்பானிய மொழியில் அதே சொல்தான். “இந்த வயதில் நான் இதற்கு அடிமையாகிச் சாக வேண்டுமா?” என்று கேட்டார். மருந்தாளுநர் தத்தாமிப் பாயில் முழங்காலிட்டு, அத்தையின் முகத்துக்கு நேராகத் தன் முகம் வருகிற மாதிரி குனிந்து உட்கார்ந்தார். வலி இருக்கிற உடம்பில் அளவோடு கொடுக்கிற மருந்து வலியோடுதான் மல்லுக்கு நிற்கும், அடிமையாக்கும் என்று நீங்கள் பயப்பட வேண்டாம் என்று பொறுமையாகச் சொன்னார். “மலச்சிக்கல் வரும், அதுதான் உங்களுக்கு உண்மையான தொல்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு தடவையும் முதல் கேள்வி அதுதான். வெட்கப்படாமல் கேட்பார், அத்தையும் வெட்கப்படாமல் சொல்லப் பழகினார்.

பொடி கசக்கிறது என்றபோது ஆப்பிள் ஜூஸை உறையவைத்துச் சுரண்டி, அந்தத் துருவலில் கலந்து கொடுக்கச் சொன்னார். நாக்கு வெடித்திருந்ததால் அந்தக் குளிர்ச்சியே அத்தைக்குப் பிடித்துப்போனது. மருந்து வேண்டாத நேரத்திலும் “அந்த ஐஸ் கொடு” என்று கேட்பார்.

இப்போது அந்த நான்கு அவசர வருகைகள்.

முதலாவது, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. அத்தைக்கு வாந்தி. கொடுத்த பொடி அப்படியே வெளியே வந்துவிட்டது. வலி பத்துக்கு எட்டு என்று விரலால் காட்டினார். இங்கே ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், நேரே மருந்துக்கடைக்குப் போன் செய்து பயனில்லை. நர்ஸுக்குத்தான் முதல் போன். நர்ஸ் மருத்துவரிடம் சொல்வார், மருத்துவர் மருந்துச் சீட்டைக் கடைக்கு ஃபாக்ஸ் செய்வார், அதைப் பார்த்து மருந்தாளுநர் பெட்டகத்தைத் திறந்து மருந்தை எடுத்துத் தயார் செய்வார். ஏழு நாற்பதுக்குச் சைக்கிளில் வந்து இறங்கினார். ஆசனவாயில் வைக்கும் மார்பின், 10 மில்லிகிராம்.

பையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, குத்துகிறதா, பிழிகிறதா என்று கேட்டார். அப்புறம் அனுமதி கேட்டுச் சட்டைப் பொத்தானைத் திறந்து பேட்ச்சைப் பார்த்தார். வேர்வையில் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. காலையிலிருந்து பாதி மருந்துதான் உள்ளே போயிருக்கிறது! நாங்கள் மூன்று பேர் அதைப் பார்க்கவில்லை. மருத்துவரிடம் போனில் பேசிவிட்டுப் புது பேட்ச் ஒட்டி, உள்ளங்கையால் அரை நிமிஷம் அழுத்திப் பிடித்துக் காட்டினார். ஆசனவாய் மருந்தை வைக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தார். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், முழங்காலை மடக்க வேண்டும், நுனியைத் தண்ணீரில் நனைக்க வேண்டும், வைத்தபின் சில விநாடி விரலை எடுக்கக் கூடாது. அத்தை கூச்சப்பட்டு முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டார். மருந்தாளுநர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, மருந்துக் குறிப்பேட்டில் எழுதுகிற மாதிரி நேரத்தைக் கழித்தார். அந்தத் திரும்பல் எனக்கு மறக்கவில்லை. எட்டே காலுக்கு மேல் அத்தை “ரக்கு” என்றார். சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கேட்ட பிறகுதான் அவர் எழுந்தார்.

இரண்டாவது அவசர வருகை நன்றாக இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அன்று முறை வேறு ஒருவருக்கு. அத்தைக்கு ராத்திரி பதற்றம் அதிகமாகி மருத்துவர் எழுதின மருந்தைக் கொண்டுவந்தார். வாசலிலேயே நின்று, மிக மரியாதையான, மிக வேகமான ஜப்பானிய மொழியில் ஐந்து நிமிஷம் விளக்கம் சொன்னார். தலை குனிந்து வணங்கினார். போய்விட்டார். என் கணவர் வேலையிலிருந்து வரவில்லை. பதினெட்டு வருஷம் இங்கே இருந்தும் மருந்து மொழி எனக்குப் பாதிதான் புரியும். எத்தனை மணி நேர இடைவெளி என்று கேட்கக் கடையின் ராத்திரி எண்ணுக்குப் போன் செய்தேன். பதிவுக் குரல், பொத்தான் ஒன்று, பொத்தான் இரண்டு. ஆள் கிடைக்க ஆறு நிமிஷம். நோயாளி முனகிக்கொண்டிருக்கும்போது ஆறு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று தெரியுமா? மறுநாள் எங்கள் மருந்தாளுநரிடம் சொன்னேன். அவர் சாக்குச் சொல்லவில்லை. அன்றைக்கே ஒரு தாளில் பெரிய எழுத்தில், எளிய ஜப்பானிய மொழியில், ‘வலி என்றால் இது, பதற்றம் என்றால் இது, இத்தனை மணிக்கு முன் மறுபடி வேண்டாம்’ என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினார். கீழே நான் தமிழில் எழுதிக்கொண்டேன்.

நடுவில் ஒரு சாதாரண வருகை. அவசரமே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். நவம்பர் குளிருக்கு அத்தைக்கு மின்சாரப் போர்வை போட்டிருந்தோம். காலையிலிருந்து அத்தை தூங்கிக்கொண்டே இருந்தார். நோய் முற்றுகிறது என்று நாங்கள் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தோம். மருந்தாளுநர் வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போர்வையின் மேல் கையை வைத்தார். கை அங்கேயே நின்றது. உடனே சுவிட்சை அணைத்து, போர்வையை எடுத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு முழு நிமிஷம் அத்தையின் மூச்சை எண்ணினார். ஒன்பதுதான், ரொம்பக் குறைவு. சூடு பட்டால் பேட்ச்சிலிருந்து மருந்து அதிகமாக உடம்புக்குள் இறங்குமாம். இதைப் பேட்ச் கொடுத்த முதல் நாளே சொல்லியிருந்தார். குளியல் தொட்டி, கோதாட்சு என்கிற சூடேற்றும் மேஜை, வெந்நீர்ப் பை எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். போர்வை எங்கள் மண்டையில் ஏறவில்லை. அடுப்படியில் நின்று மருத்துவரிடம் பேசினார், நர்ஸ் வந்து சாயங்காலம் வரை கூடவே இருந்தார். ராத்திரி ஒன்பது மணிக்கு அத்தை கண் விழித்து மீசோ சூப் கேட்டார். மருந்தைப் பற்றித் தெரிந்தவர் வீட்டுக்குள் வந்தால்தான் போர்வை அவர் கண்ணில் படும். கடையின் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றால் எந்தப் போர்வை தெரியும்?

மூன்றாவது அவசரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எதுவும் விழுங்க முடியவில்லை, பேட்ச்சும் போதவில்லை. தோலுக்கடியில் மெல்லிய ஊசி வழியாக மருந்து போய்க்கொண்டே இருக்கிற பம்ப்புக்கு மாற்றலாம் என்றார் மருத்துவர். ஹைட்ரோமார்ஃபோன் என்கிற வலி மருந்தை, பம்ப்பில் பொருத்தும் கேசட்டில் கிருமி படாமல் நிரப்ப வேண்டும். அதற்கான சுத்த அறை சின்னக் கடையில் கிடையாது. பக்கத்து ஊரில் இருக்கிற இன்னொரு கடையின் அறையைப் பங்கிட்டுப் பயன்படுத்திக்கொள்கிறார்கள், சட்டப்படியே அதற்கு இடம் உண்டு. அங்கே போய் நிரப்பிக்கொண்டு வருவதற்குச் சாயங்காலம் நான்கு மணி. நாங்கள் போன் செய்தது காலை பதினொன்றுக்கு. ஐந்து மணி நேரம் அதிகம்தான். நடுவில் ஆசனவாய் மருந்தை வைத்துச் சமாளித்தோம். முன்கூட்டியே பம்ப்புக்குத் திட்டமிட்டிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது. கடைசியில் மதிப்பெண் போடும்போது இதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

பம்ப் சின்னதுதான், சட்டைப் பையில் போடுகிற ரேடியோ அளவு. அதில் ஒரு பொத்தான் தொங்கும். வலித்தால் அழுத்த வேண்டும், கூடுதலாக ஒரு அளவு உள்ளே போகும். அடுத்தடுத்து அழுத்தினாலும் குறிப்பிட்ட நேரம் ஆகாமல் மறுபடி போகாது. அத்தையால் அழுத்த முடியாதபோது நாங்கள் அழுத்தினோம்.

நான்காவதுதான் நடுராத்திரி. அன்று சாயங்காலம் மருத்துவர் மருந்தின் வேகத்தைக் கூட்டியிருந்தார். கூட்டியதால் கேசட் சீக்கிரம் காலியாகும் என்ற கணக்கு எங்கேயோ விட்டுப்போனது. பன்னிரண்டு இருபதுக்குப் பம்ப் ‘பீப்’ என்றது, மருந்து குறைகிறது என்று. நர்ஸுக்குப் போன் செய்தேன். பத்து நிமிஷத்தில் மருந்தாளுநரே என்னைக் கூப்பிட்டார். இந்தத் தடவை எங்கள் மருந்தாளுநர்தான். தூக்கத்திலிருந்து எழுந்த குரல்.

“திரையில் எத்தனை மில்லி காட்டுகிறது?”

சொன்னேன்.

“கடைசியாக எப்போது பொத்தானை அழுத்தினீர்கள்?”

நான் அழுத்தவில்லை. அரை மணி நேரமாக அத்தை புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தார், உதடு ஒரு பக்கமாக இழுத்தது, நான் பொத்தானைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு தடவை அழுத்தினாலும் ஒரு மணி நேர மருந்து போய்விடுமே, காலை வரை வர வேண்டுமே என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம் மெதுவாக, நான் புரிந்துகொள்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “இப்போதே அழுத்துங்கள். மருந்தை மிச்சம் பிடிக்காதீர்கள். தீருவதற்கு முன்னால் நான் வந்துவிடுவேன்.”

அழுத்தினேன். பம்ப் சின்னதாக ஒரு சத்தம் போட்டது.

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2011இல் பாளையங்கோட்டையில் எங்கள் அம்மா கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் போனாள். அப்போது ஊரில் மார்பின் கிடைக்கவில்லை. நாங்கள் காட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில், அது எங்களிடம் இல்லை, லைசென்ஸ் வாங்குவது பெரிய பாடு என்று கைவிரித்தார்கள். 1985ஆம் வருஷப் போதைப்பொருள் சட்டத்தின்படி மார்பின் வைத்திருக்க ஏகப்பட்ட அனுமதிகள் வாங்க வேண்டியிருந்தது, 2014இல்தான் அதைத் திருத்தினார்கள் என்பதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கேரளாவில் கிடைக்கும், அண்ணன் திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏற வேண்டும். போகவர எட்டு மணி நேரத்துக்கு மேல், அங்கே வரிசை வேறு. கடைசி ஐந்து நாளில் இரண்டு நாள் அண்ணன் பஸ்ஸில் இருந்தான். நானும் அண்ணியும் மாத்திரையைக் கத்தியால் பாதியாக வெட்டினோம். முழுசாகக் கொடுத்தால் அவன் வருவதற்குள் தீர்ந்துவிடுமே! அம்மா வலியில் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நாங்கள் பாதி மாத்திரையைச் சிகரெட் அட்டைத் தாளில் பொதிந்து சாமி மாடத்தில் பத்திரப்படுத்தினோம். பொத்தானைப் பிடித்துக்கொண்டு அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேனே, அந்தப் பழக்கம் அங்கேயிருந்து வந்தது.

அம்மாவுக்கு அப்புறம் ஊரில் எவ்வளவோ மாறியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது வீட்டுக்கே வந்து வலி நிவாரணம் பார்ப்பதும் அதில் இருக்கிறது என்று படித்து அண்ணனுக்கு அனுப்பினேன். ‘அம்மாவுக்குக் கிடைக்கலையே’ என்று மட்டும் பதில் வந்தது.

ஒன்றே முக்காலுக்கு அழைப்பு மணி அடித்தது. கடையைத் திறந்து, பெட்டகத்தைத் திறந்து, பக்கத்து ஊர்ச் சுத்த அறைக்குப் போய்க் கேசட்டை நிரப்பிக்கொண்டு, ஒன்றே கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். வீட்டில் போட்டிருந்த ஸ்வெட்டருக்கு மேல் வெள்ளைக் கோட்டு. காலணியைக் கழற்றி வாசல் பக்கம் முனை இருக்கிற மாதிரி திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார். பத்து நிமிஷத்தில் நர்ஸும் வந்தார். இருவரும் சீட்டையும் கேசட்டையும் பம்ப்பின் திரையையும் மாறி மாறி வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார்கள். நர்ஸ் மாற்றினார். பழைய கேசட்டில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மிச்சம் இருக்கும்போதே புதியது வந்துவிட்டது!

அன்று அவர் போகும்போது மூன்று மணி. ஃபிரிட்ஜில் இருந்த தாளில் புதுக் கணக்கை எழுதினார், இந்த வேகத்தில் இந்தக் கேசட் எந்த நாள் எத்தனை மணி வரை வரும், நாங்கள் மணிக்கு ஒரு தடவை அழுத்தினால் எதுவரை வரும் என்று இரண்டையும். அடுத்த கேசட் அதற்கு அரை நாள் முன்னாலேயே வந்துவிட்டது.

அத்தை நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை விடியற்காலையில் போனார். என் கணவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார், நான் தலைமாட்டில். அதே அறையில்தான் அத்தையின் அம்மாவும் இறந்தார்களாம். அப்போதெல்லாம் எல்லாரும் வீட்டில்தான் சாவார்கள் என்று அத்தை சொல்லியிருந்தார். ஜப்பானில் ஆஸ்பத்திரியில் இறப்பவர்கள் வீட்டில் இறப்பவர்களை முந்தியது 1976இல். இப்போது ஆறு பேரில் ஒருவர்தான் வீட்டில் இறக்கிறார்.

செலவு பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். 2024இல் இருந்த கணக்கு இது. அவசர வருகைக்கு 500 புள்ளி, ஒரு புள்ளி 10 யென், ஆக 5,000 யென். அத்தைக்கு எழுபத்தைந்துக்கு மேற்பட்டவர்களுக்கான காப்பீட்டில் பத்தில் ஒரு பங்கு, எனவே 500 யென். வலி மருந்துக்கென்று 100 புள்ளிக்குக் குறையாமல் சேரும். ராத்திரி 10 முதல் காலை 6 வரை என்றால் இன்னொரு 1,000 புள்ளி, விடுமுறை நாள் என்றால் 600. மருந்து விலை தனி. அந்த நடுராத்திரி வருகைக்கு, மருந்தைத் தவிர்த்து, எங்கள் கையிலிருந்து போனது 2,000 யென்னுக்குள். அத்தை வருமானப் பிரிவில் வெளிநோயாளி மருத்துவச் செலவுக்கு அப்போது மாதம் 18,000 யென் உச்சவரம்பும் இருந்தது. என் தோழியின் கணவருக்கு வயது ஐம்பத்தொன்று, அவர்கள் பத்தில் மூன்று பங்கு கட்ட வேண்டும், உச்சவரம்பும் வேறு. போக்குவரத்துச் செலவைச் சில கடைகள் தனியாக வாங்கலாம். எங்களுக்குச் சைக்கிள் தூரம், வாங்கவில்லை.

மதிப்பெண் போடச் சொன்னால் 5க்கு 4½. அந்த அரை, ஞாயிற்றுக்கிழமைக் காத்திருப்புக்கும் ராத்திரிப் பதிவுக் குரலுக்கும்.

அத்தை போன மூன்றாம் நாள் மருந்தாளுநர் மறுபடி வந்தார். மிஞ்சிய வலி மருந்தைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்னொருவர் முன்னிலையில் அழித்துவிட்டு, 30 நாளுக்குள் ஆளுநர் அலுவலகத்துக்குத் தெரிவிப்பார்களாம். நான் ஒரு பிஸ்கட் டப்பாவில் எல்லாவற்றையும் சேர்த்துவைத்திருந்தேன். முதலில் அத்தையின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, ஊதுபத்தி ஏற்றி, கைகூப்பினார். அப்புறம்தான் டப்பாவைத் திறந்தார். பேட்ச் ஆறு. பொடிப் பொட்டலம் இருபத்திரண்டு. ஆசனவாய் மருந்து மூன்று. ஒவ்வொன்றாக எண்ணித் தாளில் எழுதி, என்னையும் எண்ணச் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். இருபத்திரண்டு பொட்டலம் மிச்சம். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டு, “நிறைய மிஞ்சிவிட்டதே என்று வருத்தப்படாதீர்கள், மிஞ்சுகிற அளவுக்குத்தான் நான் கொண்டுவருவேன்” என்றார். அம்மாவின் பாதி மாத்திரையைப் பற்றி அவரிடம் அப்போதுதான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, தாளை மடித்து உறையில் போட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தோழிக்கு நான் சொன்னது இதுதான். மூச்சு நிற்கப்போகிற நேரம் என்று தெரிந்த பிறகு 119ஐ (இங்கே ஆம்புலன்ஸ் எண்) அழைத்தால் ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகும், அதனால் முதல் போன் நர்ஸுக்கு. டிஸ்சார்ஜ் தேதி சொன்ன அன்றைக்கே, வலி மருந்து உரிமம் இருக்கிற கடை எது, ராத்திரி போனை எடுப்பவர் வீட்டுக்கு வந்து பழகியவரா, கேசட் நிரப்பும் அறை அவர்களுக்கு இருக்கிறதா, இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணி நேரம் ஆகும், இதையெல்லாம் கேட்டுவிட வேண்டும். அவளுக்கு ஜப்பானிய மொழி என் அளவுக்கும் வராது. ஆஸ்பத்திரிக் கூட்டம் வருகிற புதன்கிழமை பத்து மணிக்கு. நானும் கூடப் போகிறேன். கேள்விகளை இரண்டு மொழியிலும் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.